கூறைக்குள் எலி, சூரைக்குள் முயல்

நம் வயதுக்காரர் நாலுபேர் கூடினால் இப்போது பேச்சு முழங்கால் நோவில் தொடங்கிச் சீனி வருத்தத்தில் முடிகிறது. நடுவில் யாராவது பாண் வரிசைக் காலத்தை எடுத்துவிட்டால் மட்டும் எல்லோருக்கும் உயிர் வந்துவிடும். விடியுமுன்னே பேக்கரி வாசலில் போய் நின்றது, கூப்பன் அரிசி, காலையும் மரவள்ளி மாலையும் மரவள்ளி. நீங்கள் சொல்வதையெல்லாம் நானும் பட்டிருக்கிறேன். ஆனால் அந்தக் காலம் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பசி அல்ல. ஒரு எலியும் ஒரு முயலும்.

சிரிக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் அவை இரண்டையும் ஒரே கூட்டத்தில் சேர்த்துத்தானே நமக்குச் சொல்லித் தந்தார்கள்? எலி, அணில், முயல், எல்லாம் கொறிக்கும் பிராணிகள் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். முயலுக்கு மேல்வரிசை முன்பல்லுக்குப் பின்னால் இன்னொரு சோடிச் சின்னப் பல் இருக்கிறது, அது எலியின் இனமே இல்லை என்று நான் படித்தறிந்தது தலை நரைத்த பிறகு. ஆனால் பல்லைப் பற்றி ஒன்றும் தெரியாத வயதிலேயே இந்த இரண்டுக்கும் இடையில் வேறொரு வித்தியாசத்தைக் கண்ணால் கண்டேன். அதைக் கண்ட கிழமையில்தான் எங்கள் வீட்டில் எல்லாம் தலைகீழானது.

அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தவர். நெருப்புக் காய்ச்சல் வந்து, ஆசுபத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. தம்பி அப்போது கைக்குழந்தை. அலைந்து திரிந்து அம்மாவுக்கு ஆசிரியை வேலை ஒன்று கிடைத்தபோது, நியமனம் திரியாய்க்கு வந்தது. பட்டினத்திலிருந்து வடக்கே, கடலோரமாகப் பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கிப் போகவேண்டிய ஊர். தினம் போய் வர ஏலாது. அங்கே இன்னொரு ஆசிரியையோடு ஒரே அறையில் அம்மா தங்கினார். எங்கள் இருவரையும் பட்டினத்துக்குப் பக்கத்திலேயே, பாலையூற்றில் பெரியம்மா வீட்டில் விட்டார். திங்கள் விடியப் போனால் வெள்ளி பின்னேரந்தான் வருவார்.

பெரியம்மா அம்மாவின் சொந்த அக்கா. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. இல்லை என்று சொல்வதும் சரியில்லை. வயிற்றில் வந்தவை தங்கவில்லை. அந்தப் பாசம் முழுவதும் தம்பியின் தலையில் இறங்கியது. அவன் நடக்கிற வயதிலும் இடுப்பில்தான் இருந்தான். பெரியம்மா தேங்காய் துருவும்போதும் அவன் ஒரு தொடையில் இருப்பான். நித்திரையானாலும் தொட்டிலில் போடமாட்டார். கதிரையில் இருந்தபடியே மடியில் வைத்துக்கொண்டிருப்பார். கால் விறைத்துப்போய் எழும்ப முடியாமல் "இஞ்சாருங்கோ, ஒருக்கால் கை தாங்கோ" என்று பெரியப்பாவைக் கூப்பிடுவது இப்போதும் காதில் கேட்கிறது.

பெரியப்பாவுக்குத் துறைமுகக் களஞ்சியத்தில் வேலை. அவர் படலையைத் திறக்கும்போதே கோதுமை மாவும் தாரும் கலந்த ஒரு வாசம் முன்னால் வரும். களஞ்சியத்தில் அவருடைய முழுநேர எதிரி எலி. வீட்டுக்கு வந்தும் அதே யுத்தம். சுட்ட தேங்காய்ச் சொட்டைப் பொறியில் குத்தி, குசினி மூலையில் வைத்துவிட்டுத்தான் சாப்பிடக் குந்துவார்.

அந்த வருடம் கச்சான் காற்று வாங்கு வாங்கென்று வாங்கியது. வளவு முழுவதும் புழுதி. ஒரு மத்தியானம் தம்பிக்குச் சட்டை எடுக்கவென்று பெரியம்மா அலுமாரியின் அடி லாச்சியை இழுத்தார். இழுத்தவர் "ஐயோ!" என்று கத்தினார். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன்.

அந்த லாச்சிக்குள்தான் அம்மாவின் கல்யாணக் கூறைச் சேலை இருந்தது. அரக்கு நிறம். கரையில் சரிகை. அதன் ஒரு மூலையை எலி பூப்பூவாகக் கத்தரித்துப் பஞ்சாக்கி வட்டமாகக் கூடு கட்டியிருந்தது. நடுவில் குஞ்சுகள். மயிர் ஒன்றும் இல்லை. ரோசா நிறத்தில், விரல் நுனி அளவில், ஒன்றின்மேல் ஒன்றாக நெளிந்துகொண்டிருந்தன. கண் திறக்கவில்லை, தோலுக்குள் ஒரு கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தது. வெளிச்சம் பட்டதும் எல்லாம் கீச்சிட்டன.

அன்று பெரியப்பா வீட்டில் நின்றார். விறகுக் கட்டையோடு வந்தார். தாய் எலி அலுமாரிக்கு அடியில் பாய்ந்துவிட்டது. பெரியப்பா குனிந்து பார்க்க, அது நாங்கள் நினைக்காத காரியத்தைச் செய்தது. வெளியே வந்தது. மூன்று மனிதரும் ஒரு கட்டையும் நிற்க, லாச்சிக்குள் ஏறி, ஒரு குஞ்சை வாயில் கவ்விக்கொண்டு சுவர் ஓரமாகக் குசினிப் பக்கம் ஓடியது. கொஞ்ச நேரத்தில் வெறும் வாயோடு திரும்பி வந்து அடுத்ததைக் கவ்வியது. பெரியப்பா கட்டையை ஓங்கினார்.

"விடுங்கோ," என்று பெரியம்மா அவருடைய கையைப் பிடித்தார். "தாயல்லோ."

"தாயோ? நாளைக்கு உந்தக் குஞ்சுகள் வளர்ந்து வந்து உன்ர காதைக் கடிக்கும், அப்ப தெரியும்."

"கடிச்சாக் கடிக்கட்டும். உயிரைக் குடுத்தெல்லோ பிள்ளையைத் தூக்குது. பாருங்கோவன்."

எல்லாக் குஞ்சுகளும் விறகுக் குவியலுக்குள் போய்ச் சேரும்வரை நாங்கள் வழிவிட்டு நின்றோம். பெரியம்மாவின் கண் கலங்கியிருந்தது. கூறையைப் பற்றி அப்போது யாரும் நினைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, மழைக்கு முன்னம் மரவள்ளி நடவேண்டும் என்று பெரியப்பா பின்வளவின் பற்றையை வெட்டத் தொடங்கினார். எங்கள் கிணற்றுக்கு அப்பால் வேலி இல்லை. சூரைப் பற்றையும் இலுக்குப் புல்லுமாகக் காடுவரை ஒரே நீட்டு. ஒரு சூரையை வெட்டிச் சாய்த்தபோது அதன் அடியில் ஒரு முயல்குட்டி இருந்தது. கொஞ்சம் தள்ளிப் புல்லுக்குள் இன்னொன்று. அவரவர் வழக்கில் எதுவும் சொல்லுங்கள், எங்கள் ஊரில் அது முசல்.

எலிக்குஞ்சைப் பார்த்த கண்ணுக்கு அது அதிசயமாக இருந்தது. கூடு இல்லை, பஞ்சு இல்லை. மண்ணில் உடம்பு பதிந்த ஒரு சின்னப் பள்ளம், அவ்வளவுதான். ஆனால் குட்டிக்கு உடம்பெல்லாம் காய்ந்த புல் நிறத்தில் மயிர். கண் நன்றாகத் திறந்திருந்தது. அந்தக் கண்ணில் பெரியப்பாவின் கத்தி தெரிந்தது, வானம் தெரிந்தது. ஓடவில்லை. கத்தவில்லை. காதை முதுகோடு ஒட்டவைத்துக்கொண்டு கல்லுப்போலக் கிடந்தது. நானும் அழாத பிள்ளை என்று பெயர் எடுத்தவள். அதனாலோ என்னவோ, எனக்கு அதை மிகவும் பிடித்துவிட்டது.

பெரியம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தாயைக் காணவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தும் பார்த்தார். வரவில்லை.

"விட்டிட்டுப் போட்டுது," என்றார். "பச்சைப் பிள்ளையளை இப்பிடி வெட்டவெளியில போட்டிட்டுப் போக எப்பிடி மனம் வந்துது?"

இரண்டையும் ஒரு ஓலைக் கடகத்தில் போட்டுக் குசினிக்குள் கொண்டுவந்தோம். பால்மாவைக் கரைத்து, துணித் திரியை நனைத்து வாயில் வைத்தோம். பால்மா தட்டுப்பாடான காலம். தம்பியின் பங்கில் எடுத்ததுதான். ஒன்று குடித்தது. மற்றது குடிக்கவில்லை. அடுத்த நாள் காலையில் அது விறைத்துக் கிடந்தது. முருங்கையின் கீழ் புதைத்தோம்.

அன்று மீன் கொண்டுவந்த கிண்ணியா முஸ்லிம் வியாபாரி, நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், கடகத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது தப்பாது புள்ள," என்றார். "திருப்பிக் கொண்டுபோய் விட்டாலும் சரிவராது. மனிசண்ட கை பட்டா, பிறகு தாய் கிட்ட எடுக்காது."

"தாய் எங்க நானா இருக்கு, கிட்ட எடுக்க?" என்றார் பெரியம்மா.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மா வந்தார். புழுதி படிந்த சேலை, கையில் ஒரு பை நிறையப் பாலைப்பழம். தம்பி முற்றத்தில் நின்றவன், படலை திறந்ததும் பெரியம்மாவிடம் ஓடிப்போய்ச் சேலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டான்.

"அம்மா, ஆரோ வந்திருக்கினம்," என்றான்.

அவன் அம்மா என்றது பெரியம்மாவை. அம்மா பையை என்னிடம் தந்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவினார்.

அது மட்டுமென்றால் பரவாயில்லை. கொஞ்சக் காலமாகவே வீட்டில் ஒரு கதை நடந்துகொண்டிருந்தது. சின்னவனைத் தங்களுக்கே தந்துவிடச் சொல்லிப் பெரியம்மாவும் பெரியப்பாவும் கேட்டிருந்தார்கள். சட்டப்படி எழுதி, தங்கள் பிள்ளையாக. அம்மா முடிவு சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தார். ஊரும் வாய் பொத்தி இருக்கவில்லை. புருசன் செத்த கையோடு பிள்ளையளை விட்டிட்டு உத்தியோகம் பார்க்கப் போனவள் என்று கிணற்றடியில் பேசியது என் காதிலேயே விழுந்திருக்கிறது. பல வருடங்களுக்குப் பிறகு அம்மாவே எனக்குச் சொன்னார்: அந்த வெள்ளிக்கிழமை சம்மதித்து 'ஓம்' என்று சொல்லத்தான் வந்தாராம். பஸ்ஸில் வரும்போதே அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டு வந்தாராம்.

சாப்பாடு முடிந்ததும் பெரியம்மா கூறையைக் கொண்டுவந்து காட்டினார். எலி செய்ததைச் சொன்னார். தாய் எலி குஞ்சுகளை வாயில் காவிக்கொண்டு போன விதத்தை விவரித்தார். அம்மா கிழிந்த மூலையைத் தடவிப் பார்த்துவிட்டு மடித்தார். பிறகு பெரியம்மா முயல்குட்டிகளின் கதைக்கு வந்தார்.

"எலி எண்டு நாங்கள் அடிக்கிறம். ஆனால் எலிக்கு இருக்கிற பாசம் உந்த முசலுக்கு இல்லை. பெத்துப்போட்டிட்டுத் தன்ர பாட்டில போட்டுது."

சொன்னபிறகுதான் பெரியம்மாவுக்கே விளங்கியிருக்க வேண்டும். சட்டென்று எழும்பிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அம்மா மடித்த கூறையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். அவர் கொண்டுவந்த 'ஓம்' அன்று வாயை விட்டு வரவில்லை.

மறுநாள், சனிக்கிழமை, இருட்டத் தொடங்குகிற மைமல் பொழுது. அம்மா என்னைக் கிணற்றடியில் குளிக்கவார்த்துக்கொண்டிருந்தார். துறைமுகப் பக்கமிருந்து ஏதோ கப்பல் ஒன்று நீளமாகக் கூவியது. தலைக்குச் சவர்க்காரம் போட்டுக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றுவிட்டது.

"பிள்ளை, அசையாத. அங்க பார்."

கண் எரிய எரியப் பார்த்தேன். வெட்டிய பற்றையின் நடுவில் பெரிய முயல் ஒன்று குந்தியிருந்தது. நெட்டையான காது. பிடரியில் தீய்ந்ததுபோல ஒரு கறுப்பு. வெட்டுண்ட சூரை இருந்த இடத்துக்கு வந்தது. மண்ணை மணந்தது. நாலு பக்கமும் சுற்றியது. புல்லுப் பக்கம் போனது, திரும்பச் சூரைக்கே வந்தது. மறுபடி மணந்தது. நிமிர்ந்து காதைத் திருப்பித் திருப்பிக் கேட்டது.

"தேடுது," என்றார் அம்மா. குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "விட்டிட்டுப் போகேல்லை. தேடி வந்திருக்கு."

என் தலையில் இருந்த நுரையைக்கூடக் கழுவவில்லை. ஈரக் கையோடு குசினிக்குள் போய்க் கடகத்தைத் தூக்கினார். பெரியம்மா வாசலில் மறித்தார்.

"எங்க கொண்டு போறாய்?"

"தாய் வந்து நிக்குதக்கா."

"கை பட்ட குட்டியை அது எடுக்காது எண்டு நானா சொன்னவர். கொண்டுபோய் விட்டால் நரி தின்னும்."

"எடுக்காட்டில் திருப்பித் தூக்கிக்கொண்டு வாறன்."

"நீ பெத்த பிள்ளையளை விட்டிட்டுப் போறது காணாதெண்டு இதையும் கொண்டுபோய் விடப்போறியோ?"

அந்த வார்த்தை வந்தே விட்டது. இவ்வளவு காலமும் கிணற்றடியிலும் வேலி ஓரத்திலும் நின்றது, இப்போது குசினிக்குள் வந்து நின்றது. பெரியப்பா கதிரையில் இருந்தபடி "இஞ்சை, இஞ்சை" என்றார். அம்மா அழவில்லை. பெரியம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, கடகத்தை இறுக்கிப் பிடித்தபடி அவரைத் தாண்டிப் போனார்.

ஆள் நடமாட்டம் கண்டு முயல் மறைந்துவிட்டிருந்தது. அம்மா குட்டியைச் சூரை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்து கிணற்றுக் கட்டுக்குப் பின்னால் குந்தினார். நான் அவருடைய முதுகோடு ஒட்டிக்கொண்டேன். காற்று விழுந்திருந்தது. குட்டி பழையபடி கல்லுப்போலக் கிடந்தது. நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. நானா சொன்னது சரிதான் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. பெரியம்மா. இடுப்பில் தம்பி. கோபம் போகவில்லை, ஆனால் பார்க்காமல் இருக்கவும் அவரால் முடியவில்லை.

அப்போது இலுக்குக்குள் ஒரு அசைவு. முயல் இரண்டு பாய்ச்சல் வந்தது, நின்றது. இன்னும் ஒரு பாய்ச்சல். அதுவரை அசையாமல் கிடந்த குட்டி ஒரே துள்ளலாக எழும்பி ஓடியது. ஓடிப்போய்த் தாயின் அடிவயிற்றில் நுழைந்துகொண்டது. எங்கள் கை வாசமோ பால்மா வாசமோ அந்தத் தாய்க்கு ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. காதை நிமிர்த்திக்கொண்டு நின்றபடியே பால் கொடுத்தது. படுக்கவில்லை, அணைக்கவில்லை. கண் நாலாபுறமும் ஓடிக்கொண்டிருந்தது. தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் கொதிக்கிற நேரம்கூட இல்லை. முடிந்ததும் குட்டியை ஒருமுறை நக்கிவிட்டுப் போய்விட்டது. குட்டி வேறொரு புல்லுக்குள் புகுந்து மறுபடி கல்லாகிவிட்டது.

பகலெல்லாம் தாய் பக்கத்தில் இருந்தால் அதன் வாசத்துக்கே நரியும் நாயும் வந்துவிடும். அதனால்தான் அது தள்ளியே நிற்கிறது, இருட்டுகிற நேரம் மட்டும் வந்து பால் கொடுக்கிறது என்று இன்று எவரும் சொல்வார்கள். அன்று கிணற்றுக் கட்டுக்குப் பின்னால் குந்தியிருந்த எங்களுக்கு அது ஒன்றும் தெரியாது. வந்தது என்பது மட்டும் தெரியும்.

"இவ்வளவுதானோ?" என்றார் பெரியம்மா. "ஒரு நாளைக்கு இவ்வளவு பால் காணுமோ, வயிறு நிரம்ப?"

அம்மா குட்டி புகுந்த புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காணாதக்கா," என்றார். "எனக்குத் தெரியும் காணாதெண்டு."

பெரியம்மா தம்பியை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். நாங்கள் குந்தியிருந்தபடியே இருட்டிவிட்டது. பெரியப்பா விளக்கோடு வந்து கூப்பிட்ட பிறகுதான் எழும்பினோம்.

ஞாயிறு மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே அம்மா சொன்னார்: "பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில ஒரு மண்வீடு சும்மா கிடக்கு. கேட்டால் தருவினம். அதுவரைக்கும் நானும் ரீச்சரும் இருக்கிற அறையில சமாளிக்கலாம். நாளைக்குப் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போறன்."

பெரியப்பா பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா அடுப்பைப் பார்த்தார். "சின்னவனுக்கு அங்கத்தைத் தண்ணி ஒத்துவராது," என்று மட்டும் சொன்னார். பிறகு பின்னேரம் முழுவதும் அவனுடைய சட்டைகளைத் தோய்த்துக் கொடியில் போட்டார். காய்ந்த சட்டைகளையே திரும்பவும் தோய்த்ததை நான் கண்டேன்.

அப்போது எனக்குப் பெரியம்மாமேல் சரியான கோபம். அம்மாவை அப்படிச் சொல்லிப்போட்டாவே என்று. இன்றைக்கு, அன்று அவருக்கு இருந்த வயதை நான் கடந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. பாண் வரிசையில் விடியுமுன் நின்றவர் அவர். அந்தப் பாணில் பெரிய துண்டு எங்கள் இருவருக்கும், ஓரக் கருகல் அவருக்கு. பெற்றவளை ஊர் அளந்தது, வளர்த்தவளை யாரும் அளக்கவே இல்லை.

திங்கள் விடிய, பெரியப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்தார். பெரியம்மா உடுத்த சேலையோடு தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பஸ் புறப்படுகிற நேரம் அம்மா கையை நீட்டினார். தம்பி வரமாட்டேன் என்று கத்தினான். பெரியம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கால் இரண்டையும் அவர் இடுப்பில் பின்னிக்கொண்டு, முகமெல்லாம் சிவக்க அழுதான். இழுக்க இழுக்க இன்னும் இறுக்கினான். பஸ்ஸில் இருந்த சனம் எல்லாம் எட்டிப் பார்த்தது.

"நான் நிலாவெளி மட்டும் வாறன்," என்று சொல்லிப் பெரியம்மா ஏறினார். "அழுகை ஓய்ஞ்சதும் இறங்கி அடுத்த பஸ்ஸில வந்திடுவன்."

பெரியப்பா பஸ்ஸின் கீழ் நின்று தலையாட்டினார். பஸ் நகர்ந்தது. நான் யன்னல் ஓரம், நடுவில் அம்மா, கரையில் பெரியம்மா. வெளியே உப்புக் காற்று. விக்கி விக்கி அழுத தம்பி, நிலாவெளி வருமுன்பே பெரியம்மாவின் மடியில் சரிந்தான். அவன் சரியும்போது கால் இரண்டும் அம்மாவின் மடிக்கு வந்துவிட்டன. அம்மா அந்தக் கால்களைப் பிடித்துக்கொண்டார்.

நிலாவெளியில் பஸ் நின்றது. கொண்டக்ரர் எங்களிடம் வந்தார்.

"அம்மா, நிலாவெளி. இறங்கேல்லையோ?"

பெரியம்மா மடியைக் காட்டினார்.

"பிள்ளை நித்திரை, தம்பி. எழுப்ப ஏலாது."

கொண்டக்ரர் யாரைக் கேட்பது என்று தெரியாமல் அம்மாவைப் பார்த்தார். அம்மா தம்பியின் காலில் இருந்த கையை எடுக்காமலே சொன்னார்:

"அக்காவுக்கும் திரியாய்க்கு ஒரு ரிக்கற் தாங்கோ."

பெரியம்மா மாற்றுச் சேலைகூடக் கொண்டுவரவில்லை. அந்தக் கிழமை முழுவதும் அம்மாவின் சேலைகளைத்தான் உடுத்தார்.